மலைக்கு அங்கிட்டு ஒரு வேலை

1

நாங்கள் நியூசிலாந்துக்குக் குடிவந்து இந்த ஏப்ரலோடு பத்து வருடம் முடிந்தது. பத்தாம் வருடத்துக்கு என் வீட்டுக்காரர் சேகர் எனக்குப் புடவையோ கேக்கோ வாங்கித் தரவில்லை. என்னோடு பந்தயம் கட்டினார். உங்களில் பலருக்கு நாங்கள் அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்திருக்கும். மலை, கடல், மழைக்காடு, எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிற மூன்று பேர். அந்த இரண்டு நாளில் பாதி நேரம் நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம் என்பது படத்தில் தெரியாது. அதை நான்தான் எழுத வேண்டும்.

நான் புதுக்கோட்டையில் நர்சிங் படித்து, ஆலங்குடிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். இங்கே வந்ததும் அந்தப் படிப்பு செல்லாது, மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். மதிப்பெண் பட்டியல் கல்லூரியிலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறையில் வர வேண்டும் என்றார்கள். உறை வந்தது. பிரித்திருக்கிறது, வேறு வேண்டும் என்றார்கள். ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் அரை மதிப்பெண் குறைந்தது, இரண்டு தடவை. சான்றிதழில் 'எஸ். மங்கையர்க்கரசி', பாஸ்போர்ட்டில் 'மங்கையர்க்கரசி சுப்பையா', இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை முதியோர் இல்லத்தில் உதவியாளாக, படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டும் கிழவர்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டும் எட்டு வருடம் ஓட்டினேன். அங்கே எல்லாரும் என்னை 'சூ' என்பார்கள். சுப்பையாவின் சுருக்கம். ஊரில் பஞ்சாயத்துக்கு நாட்டாமையாக நிற்கிற என் அப்பாவை இந்த நாட்டில் யாரும் இவ்வளவு செல்லமாகக் கூப்பிட்டதில்லை.

போன வருடம் பதிவு கிடைத்தது. இந்த மார்ச்சில் வேலையும் கிடைத்தது. நாங்கள் இருக்கிற கிறைஸ்ட்சர்ச் கிழக்குப் பக்கம். வேலையோ மலைத்தொடரைத் தாண்டி மேற்குக் கடற்கரையில், ஒரு சின்ன ஊரில். காரில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். வாரத்தில் மூன்று நாள், தங்குவதற்கு அறை உண்டு. ஞாயிறு போய்ப் புதன் திரும்பலாம். திங்கட்கிழமை மதியத்துக்குள் சம்மதம் எழுத வேண்டும்.

ஊரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். என் அம்மாவும் போனில் அதையேதான் கேட்டார். “நல்லதுத்தா. அவுக என்ன சொல்றாக?”

அவுக சொன்னது இது. “அந்த மலை ரோட்ல வாராவாரம் ஒன்னய அனுப்பிட்டு நான் இங்க நிம்மதியாத் தூங்கவா? ஒன்னு செய்வோம். சனி ஞாயிறு மூணு பேருமாப் போயிட்டு வருவோம். போறப்பவும் வாரப்பவும் நீயே ஓட்டு. எங்கயாச்சும் ஒரு எடத்துல ‘இந்தாங்க, நீங்க ஓட்டுங்க’ன்னு சாவியக் குடுத்தியன்னா, வேல வேணாம்னு எழுதிரணும். சரியா?”

“சரி” என்றேன். அப்போது அது நியாயமான பந்தயமாகத்தான் பட்டது.

2

நான் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே ஓட்டும் தேர்வில் இரண்டு முறை தோற்றவள்.

முதல் முறை தோற்றதற்குக் காரணம் கருப்பர். எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றில் ஒரு பெரிய புளியமரம், அதை ஒட்டி ஒரு வளைவு, வளைவில் கருப்பர் கோயில். பஸ்காரரிலிருந்து பால்காரர் வரை அந்த இடத்தில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். நானும் ஸ்கூட்டியில் ஐந்து வருடம் அப்படித்தான் போனேன். இங்கே தேர்வன்று ஒரு வளைவு வந்தது, வளைவில் பெரிய மரம் ஒன்று நின்றது. கை தானாகப் போய்விட்டது. நடைபாதையில் நாயோடு போன அம்மாள் துள்ளிக் குதித்தார். தேர்வாளர் எதற்காக ஹாரன் என்று கேட்டார். என் ஆங்கிலம் அவசரத்துக்கு உதவாது. “சாமிக்கு” என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ நீளமாக எழுதினார்.

இரண்டாம் முறை ஐம்பதில் போகவேண்டிய ரோட்டில் முப்பதில் போனேன். பயந்து போகிறவள் ஆபத்தானவள் என்று அன்றைக்கு வந்த தேர்வாளர் அம்மாள் சொன்னார். அந்தச் சொல் எனக்குச் சுட்டது, ஏனென்றால் உண்மை. மூன்றாவதில் தேறினேன். தேறி இரண்டு வருடமாகியும் வீட்டிலிருந்து முதியோர் இல்லம், அங்கிருந்து காய்கறிக் கடை, அவ்வளவுதான் என் எல்லை.

எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஊர் ஊராகச் சைக்கிள் பழகிய காலம் ஒன்று இருந்தது. எனக்கு ஏழு வயது. அம்மாவும் அப்போதுதான் பழகினார். ஏறத் தெரிந்தது, மிதிக்கத் தெரிந்தது, இறங்க மட்டும் வரவில்லை. களத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். “யாராச்சும் புடிங்களேன்” என்று ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் போடுவார். அப்பா வந்து பிடிக்கிறவரை சுற்றல்தான். ஒருநாள் அப்பா சந்தைக்குப் போய்விட்டார். அம்மா பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, வைக்கோல் போரைப் பார்த்து நேராக விட்டார். எழுந்து வைக்கோலைத் தட்டிவிட்டு மறுபடி ஏறினார். அதற்கப்புறம் யாரையும் பிடிக்கச் சொல்லவில்லை.

3

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். எலுமிச்சைச் சோறு, அவித்த முட்டை, பிளாஸ்கில் டீ. பின் சீட்டில் எங்கள் மகள் யாழினி. பதினாலு வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். காதில் பாட்டுக் கருவியைச் செருகினால் நாங்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள். இந்த வேலையைப் பற்றிச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “வைஃபை பாஸ்வேர்ட் அப்பாவுக்குத் தெரியுமா?” அப்புறம் சொன்னாள், “போம்மா. ஐ'ம் ஓகே.” தடுக்கவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டியவள், அன்றைக்கு முழுக்க மனசு வலித்துக்கொண்டு திரிந்தேன்.

ஊரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம், இங்கே இலையுதிர் காலம். சமவெளி முழுக்க நெட்டிலிங்கம் போல உயர்ந்த மரங்கள் மஞ்சளாக நின்றன. சமவெளி முடிந்து முதல் ஏற்றம் வந்ததும் சேகரின் வலது கால் வேலையைத் தொடங்கியது. அவர் பக்கத்தில் பிரேக் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் தரையை மிதித்தார்.

“கியரக் கொறச்சுக்க.”

“கொறச்சுட்டேன்.”

“இடது பக்கம் பள்ளம்.”

“தெரியுதுங்க.”

“தெரியுதுன்னா சரி.” ஒரு நிமிடம் கழித்து, “தெரியுதுல்ல?”

ஏற்றம் தாண்டினால் ஒரு மேட்டு நிலம். புல்வெளி நடுவே வெள்ளை வெள்ளையாகப் பெரும் பாறைகள். எங்கள் ஊர்ப்பக்கத்து நார்த்தாமலைக்கு யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. நிறுத்தி அரைமணி நேரம் ஏறி இறங்கினோம். கணவாயை ஒட்டிய சிற்றூரில் டீ குடித்தோம். அங்கே பச்சைக் கிளி ஒன்று, நம் கிளியைப் போல மூன்று மடங்கு, எங்கள் வைப்பரின் ரப்பரைக் கடித்து இழுத்தது. சேகர் ‘ஏய், ச்சூ’ என்று விரட்டப் போனார். அது அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. மூவரும் சேர்ந்து சிரித்தது அந்த இரண்டு நாளில் அங்கேதான்.

கணவாய்க்கு அப்பால் சாலை சட்டென்று விழுகிறது. பள்ளத்தாக்கின் மேல் தூண்களில் நிற்கும் நீளமான பாலம், அதுவும் சரிவாக. பின்னால் ஒரு லாரி முட்டுகிற மாதிரி வந்தது. உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. சேகர் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கீழே போனதும் ஒதுங்க இடம் வந்தது, ஒதுங்கினேன், லாரி போனது. இன்ஜினை அணைத்தேன். சாவி கையில் இருந்தது. அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியை இடது கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையைச் சுடிதாரில் துடைத்துவிட்டு, மறுபடி போட்டுத் திருகினேன்.

அடுத்து வந்தது ஆற்றுப் பாலம். இந்தப் பக்கத்துப் பாலங்களில் பாதி, ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எந்தப் பக்கத்துக்குச் சிவப்பு அம்பு போட்டிருக்கிறதோ அவர்கள் நிற்க வேண்டும். எனக்குச் சிவப்பு. நின்றேன். எதிர்ப்பக்கம் வந்த வேனும் பாலத்துக்கு முன்னால் நின்று, முகப்பு விளக்கை இரண்டு முறை வெட்டியது.

“லைட் போடுறான். நில்லு, நில்லு” என்றார் சேகர்.

நமக்கெல்லாம் அது ரத்தத்தில் ஊறியது. திருச்சி ரோட்டில் எதிரே வருகிறவன் லைட் போட்டால், ‘நான் வாரேன், நீ ஒதுங்கு’ என்று அர்த்தம். நின்றேன். அவன் வரவில்லை. மறுபடி வெட்டினான். எனக்குப் பின்னால் மூன்று கார் சேர்ந்துவிட்டது.

“வராம என்னடா லைட் போட்டுக்கிட்டே இருக்கான்?” என்றார் இவர்.

யாழினி காதிலிருந்து கழற்றினாள். “அப்பா, அவங்க வழி விடுறாங்க. இங்க லைட் போட்டா ‘நீ வா’ன்னு. போம்மா.”

போனேன். வேன்காரர் கையை உயர்த்தினார். சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து வருடமாக இந்த நாட்டில் கார் ஓட்டுகிறவர்.

4

மூன்றரை மணிக்குக் கடல் வந்தது. நம் கோட்டைப்பட்டினத்துக் கடல் குளம் மாதிரி, கரைக்கு வந்து காலை நக்கிவிட்டுப் போகும். இந்தக் கடல் ஓயாமல் உறுமியது. கரை முழுக்க ஆறு அடித்துக்கொண்டு வந்து போட்ட வெளிறிய மரக்கட்டைகள். சேகர் வழவழப்பான பச்சைக் கல் ஒன்றைப் பொறுக்கி, தண்ணீரில் கழுவி, மகளிடம் கொண்டுபோய் நீட்டினார். “நைஸ்” என்றாள். கல்லை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தங்கிய விடுதியில் சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டே கேட்டேன், “எப்படி ஓட்டுனேன்?”

“ஓட்டுன. ஆனா இன்னைக்கு வெயில்ல. மழையில ஓட்டணுமே. இந்தப் பக்கம் நித்தம் மழைங்குறாங்க.”

அதுவும் சரிதான் என்று பேசாமல் இருந்தேன். என்னுடைய முதல் தப்பு அது.

ஞாயிறு காலை மழை. அந்த மழையிலேயே ஏரிக்கரைக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தோம். எங்கள் பக்கம் காடு என்றால் தைலமரக் காடு. வரிசையாக நடுவார்கள், வரிசையாக வெட்டுவார்கள், லாரியில் ஏற்றுவார்கள். விட்டால் அய்யனார் கோயில் காடு, சுள்ளி ஒடிக்கக் கூடாது. இந்தக் காட்டில் வரிசையும் இல்லை, சாமியும் இல்லை. மரத்தின் மேல் மரம் முளைத்து, அதன் மேல் பாசி, பாசியின் மேல் பெரணிச் செடி. கீழே தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. யாழினி ஒவ்வொரு மரத்துக்கும் பேர் சொன்னாள், இந்த மண்ணின் பேர்கள், பள்ளியில் படித்தது. நான் திருப்பிச் சொல்லிச் சொல்லித் தப்புப் பண்ணினேன், அவள் திருத்தினாள். எனக்கு அது பிடித்திருந்தது. அவள் ஒரு பெரணிக் கொழுந்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனபோது சேகர் முன்னாலிருந்து சத்தம் போட்டார்.

“ஒடிக்காத!”

“ஒடிக்கல அப்பா. போட்டோ எடுக்குறேன்.”

“இல்ல, ஒடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“ஐ நோ.” அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பேர் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவர் எங்களுக்கு இருபதடி முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தார்.

5

திரும்பும்போது வடக்கே இருக்கிற இன்னொரு கணவாய் வழி. தூரம் கூட. மழை கூடவே வந்தது. வைப்பரில் கிளி தின்ற இடம் மட்டும் துடைக்காமல் என் கண்ணுக்கு நேரே ஒரு பட்டை நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கழுத்தை நீட்டியும் குனிந்தும் பார்த்து ஓட்டினேன். நாற்பதில் போகவேண்டிய வளைவில் நாற்பதில் போனேன், எண்பதில் போகவேண்டிய இடத்தில் எண்பதில். ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்கினேன். ஒற்றைப் பாலங்கள் ஏழோ எட்டோ, ஒன்றிலும் தடுமாறவில்லை. கணவாயைத் தாண்டியதும் மழை மெலிந்தது. மலை பின்னால் போய்விட்டது. எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது சேகர் தொண்டையைச் செருமினார்.

“மழையிலயும் ஓட்டிட்ட. ஆனா மங்கை, ஜூலையில இங்க பனி விழும். ரோட்ல ஐஸு கெடக்கும். டயர்ல சங்கிலி மாட்டணும். ஜூலையில ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுவமே.”

“நாளைக்கு மதியம் பதில் சொல்லணும்.”

“அவங்ககிட்டக் கேட்டுப் பாரு. டயம் குடுப்பாங்க.”

 இருபது நிமிடம் ஓட்டினேன். அந்த இருபது நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், மீதி என் மேல். உறை பிரித்திருக்கிறது என்றார்கள், வேறு வாங்கினேன். அரை மதிப்பெண் என்றார்கள், மறுபடி எழுதினேன். நீயும் நீயும் ஒரே ஆளா என்றார்கள், ஆமாம் என்று ஏழு மாதம் சொன்னேன். அதெல்லாம் அரசாங்கம், வேறு வழியில்லை. இது என் வீடு. இங்கேயும் நானே ஒரு தேர்வாளரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, பாஸா ஃபெயிலா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். வெயிலில் தேறினால் மழை, மழையில் தேறினால் பனி.

சமவெளி வந்தது. வளைவே இல்லாத ரோடு, இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். வானம் வெளுத்திருந்தது. வீட்டுக்கு இன்னும் முக்கால் மணி நேரம். அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன்.

“என்னாச்சு? வண்டியில எதும் சத்தமா?” என்றார்.

“ஒன்னுமில்ல. ஒங்களுக்குப் பயம் இந்த ரோட்டப் பாத்து இல்லங்க. உண்மையச் சொல்லுங்க.”

சீட் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார். “நீ போயிட்டா அந்த மூணு நாளும் வீட்ல நானும் அவளுந்தான். அவ என்கிட்ட என்னத்தப் பேசுறா? நான் ஒன்னு சொன்னா அவ ஒன்னு சொல்லுறா, முடிஞ்சு போச்சு. மூணு நாளு நான் சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கவா?”

பின் சீட்டில் யாழினி காதில் இருந்ததை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறது என்பதற்காக இந்த முறை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதும் தெளிவாக இருந்தது.

“அத நீங்க ரெண்டு பேருந்தான் பழகணும். அதுக்கும் நான் போயி லைசென்ஸ் எடுத்துட்டு வர முடியாது” என்றேன். சாவியை உருவி அவர் முன்னால் நீட்டினேன். “இந்தாங்க, நீங்க ஓட்டுங்க.”

அவர் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அடியே, எல்லாத்தையும் தாண்டி வந்துட்டு இங்க வந்து குடுக்குற? பந்தயம்?”

“பந்தயத்துல நான் தோத்துட்டேன். வேலைக்குப் போறேன்.”

“அதெப்படி?”

“அப்படித்தான். யாழினி, நீ முன்னாடி போ. நான் பின்னாடி படுக்கணும்.”

அவள் இறங்கி முன்னால் ஏறினாள். சேகர் சுற்றி வந்து உட்கார்ந்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின் சீட்டில் காலை நீட்டினேன். கை இரண்டும் தோளிலிருந்து கழன்றுவிடும் போல வலித்தது. போனில் சிக்னல் வந்திருந்தது. வேலைக்கு வருகிறேன் என்று இரண்டு வரி எழுதி, பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்க்காமலே அனுப்பினேன்.

பத்து கிலோமீட்டர் வரை யாரும் பேசவில்லை. நானும் பேச்சை எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு சேகர் கேட்டார்.

“ஒனக்கு ஸ்கூலு எத்தன மணிக்கு?”

“எட்டே முக்கால்.”

“பஸ்ஸுலயா போற?”

“நடந்து. தினமும் நடந்துதான் போறேன் அப்பா.”

“ஓ.” கியரை மாற்றினார். “காலையில என்ன சாப்புடுவ?”

“டோஸ்ட். சில நாள் ஒன்னும் இல்ல.”

“ஒன்னும் சாப்பிடாமயா? அம்மாவுக்குத் தெரியுமா?”

அவள் பின்னால் திரும்பி என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். அவரும் கண்ணாடியில் பார்த்திருப்பார். அந்தக் கேள்விக்கும், அடுத்து அவர் கேட்கப்போகிற பத்துக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தூங்குகிறவளைப் போல மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன்.